பழைய புறநகரில் குடும்பங்கள் ஏன் குடியேறுகின்றன, ஏன் குறைகின்றன

குழந்தை பிறந்து, இருக்கும் வீட்டின் இரண்டு அறைகள் போதாமல் போகும் கட்டத்தில், பெருநகரத்தில் வேலை பார்க்கும் குடும்பங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியான இடத்தைத்தான் தேடத் தொடங்குகின்றன. நகரத்துக்கு நேரடி ரயில் இருக்க வேண்டும். பள்ளி நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும். தெருவில் நிழல் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளில் தம் பிள்ளையின் வயதை ஒத்த பிள்ளைகள் இருக்க வேண்டும். இவை நான்கும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் புதிதாக மனை பிரித்து விற்கப்படும் விளிம்புப் பகுதிகளில் அரிது. ஐம்பது, எண்பது, சில வேளைகளில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே உருவாகி நிலைபெற்றுவிட்ட புறநகர்களில்தான் அவை பெரும்பாலும் இருக்கின்றன. இவற்றில் எதையும் பணத்தைக் கொட்டி ஒரே ஆண்டில் உண்டாக்கிவிட முடியாது. தெருவோரம் நட்ட கன்று சாலையின் இருபுறமும் கிளை பரப்பிக் கூடுவதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். பள்ளி ஒன்று பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுவதற்கும், முன்பின் தெரியாத அயலார் ஒருவர் வீட்டுச் சாவியை மற்றவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும் அளவுக்குப் பழகுவதற்கும் அதுபோலவே காலம் தேவைப்படுகிறது.

ஆனால் இந்த நன்மைகளைத் தந்த அதே காலம் வேறொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. வீட்டு விலை ஏறுகிறது, குடியிருப்பவர்களுக்கு வயதாகிறது, புதிதாக எதுவும் கட்டப்படாமல் பார்த்துக்கொள்ளும் விதிகள் இறுகுகின்றன. நிலைபெற்ற புறநகர் என்பதும் குடும்பங்களுக்கு ஏற்ற புறநகர் என்பதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், ஓரளவு காலம் வரைதான் அவை கைகோத்துச் செல்கின்றன. அதன் பிறகு யாராவது திட்டமிட்டுத் தலையிடாவிட்டால் ஒன்று மற்றொன்றை அரிக்கத் தொடங்கிவிடுகிறது. அது எவ்வாறு நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இத்தகைய இடங்கள் எப்படித் தோன்றின என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்கள்

இன்று நாம் பழைய புறநகர் என்று மதிக்கும் இடங்களில் பெரும்பாலானவை ரயில் பாதையின் பிள்ளைகள். அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு மேற்கே, டெஸ் பிளைன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ரிவர்சைடு, 1869இல் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் ஆகிய இருவராலும் வடிவமைக்கப்பட்டது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களும் இவர்களே. சிகாகோவின் கட்டம் போட்ட தெருக்களுக்கு மாறாக இங்கே தெருக்கள் வளைந்து செல்லும். ஆற்றங்கரை தனியாருக்கு விற்கப்படாமல் பொதுவெளியாக விடப்பட்டது. வீடுகள் சாலையிலிருந்து தள்ளியே கட்டப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆனால் இந்த அழகுகள் அனைத்துக்கும் அடிப்படையாக இருந்தது நகருக்குச் சென்று திரும்ப உதவிய ரயில் நிலையம்தான். அது இல்லாதிருந்தால் ரிவர்சைடு செல்வர்கள் வந்து தங்கும் ஓய்விடமாக மட்டுமே இருந்திருக்கும்.

ஜப்பானில் இந்த உறவு இன்னும் வெளிப்படையானது. ஒசாக்காவிலிருந்து மக்கள்தொகை குறைவான கிராமப்புறங்களை நோக்கி 1910இல் ஒரு மின்சார ரயில் பாதையைத் திறந்த கொபயாஷி இச்சிஸோ, பயணிகள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பாதையோரம் நிலத்தை வாங்கி, இகேடாவில் வீடுகளைக் கட்டி, சம்பளக்காரர்கள் வாங்கக்கூடிய வகையில் தவணை முறையில் விற்றார். காலையில் நகருக்குச் செல்லும் பெட்டிகள் நிரம்பின. எதிர்த்திசையில் காலியாகச் செல்லும் பெட்டிகளை நிரப்ப, பாதையின் மறுமுனையான தகராசுகாவில் வெந்நீர்க் குளியலகத்தையும், 1914இல் பெண்களே நடிக்கும் மேடைக் குழுவின் நிகழ்ச்சிகளையும் தொடங்கினார். 1929இல் நகர முனையத்திலேயே பல்பொருள் அங்காடியைத் திறந்தார். வீடு, பயணம், கடை, பொழுதுபோக்கு ஆகிய நான்கையும் ஒரே நிறுவனம் ஒரே பாதையில் கோத்த இந்த முறையைப் பின்னர் ஜப்பானின் தனியார் ரயில் நிறுவனங்கள் பலவும் பின்பற்றின. டோக்கியோவின் தென்மேற்கே, தொழிலதிபர் ஷிபுசவா எய்ச்சி 1918இல் தொடங்கிய நிறுவனம் உருவாக்கிய டெனென்சோஃபு, நிலையத்திலிருந்து விசிறி போல் விரியும் தெருக்களுடன் இன்றும் அந்நகரின் மதிப்புமிக்க குடியிருப்புகளுள் ஒன்றாக நிற்கிறது. ஏறத்தாழ இதே காலத்தில், 1915இல், லண்டனின் மெட்ரோபாலிட்டன் ரயில் நிறுவனம் தன் பாதையோர நிலப்பகுதிக்கு ‘மெட்ரோலேண்ட்’ என்று பெயர் சூட்டி, பசுமை நடுவே வீடு என்ற கனவை நகரவாசிகளுக்கு விற்கத் தொடங்கியது.

இந்த வரலாற்றை விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலையத்துக்கு நடந்துதான் போக வேண்டும் என்ற கட்டாயம், அக்காலப் புறநகரின் அளவைத் தானாகவே கட்டுப்படுத்தியது. பதினைந்து நிமிட நடைக்கு அப்பால் மனை விற்காது. ஆகவே வீடுகள் ஒன்றுக்கொன்று ஓரளவு நெருக்கமாக அமைந்தன. நிலையத்தின் வாசலில் கடைகள் கூடின, ஏனெனில் எல்லோரும் நாள்தோறும் இருமுறை அவ்வழியே சென்றார்கள். கார் பரவலான பிறகு எழுந்த புறநகர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நியூயார்க் அருகே 1947 முதல் 1951 வரை 17,000க்கும் மேற்பட்ட வீடுகளுடன் எழுந்த லெவிட்டவுன், போரிலிருந்து திரும்பிய வீரர்களின் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் சொந்த வீட்டைத் தந்தது; அது சிறிய சாதனையன்று. ஆனால் அதைப் பார்த்து உலகின் பல பாகங்களில் எழுந்த குடியிருப்புகளில், பால் வாங்குவதற்கும் காரை எடுக்க வேண்டிய நிலை வந்தது. இன்று பழைய ரயில் புறநகர்களின் மதிப்பு கூடியிருப்பதற்கு அவற்றின் பழைமையை விட இந்த நெருக்கமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அங்கே பத்து வயதுப் பிள்ளையும் எண்பது வயது முதியவரும் யாருடைய உதவியும் இல்லாமல் வெளியே போய்வர முடிகிறது.

பிள்ளைகளுக்கு ஏற்ற தெரு

குடும்பங்களுக்கு ஏற்ற இடம் என்பதை வீட்டின் பரப்பளவைக் கொண்டு அளப்பது வழக்கமாகிவிட்டது. படுக்கையறை எத்தனை, தோட்டம் எவ்வளவு என்று கேட்கிறோம். குழந்தை வளர்ப்பைப் பொறுத்தவரை வீட்டுக்கு வெளியே உள்ள நூறு மீட்டர் வீட்டுக்கு உள்ளே உள்ள நூறு சதுர மீட்டரை விட முக்கியமானது என்பதற்குப் போதிய சான்று உண்டு.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுக்கொன்று அருகில் இருந்த மூன்று தெருக்களை ஆராய்ந்து, 1972இல் முடிவுகளை வெளியிட்டார். தெருக்களின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். போக்குவரத்து மட்டும் வேறுபட்டது. ஒன்றில் நாளொன்றுக்கு சுமார் 2,000 வண்டிகள், மற்றொன்றில் சுமார் 8,000, மூன்றாவதில் சுமார் 16,000. வண்டிகள் குறைந்த தெருவில் ஒருவருக்கு அத்தெருவிலேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டிகள் மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, சராசரி 0.9 மட்டுமே. எந்த இடம் வரை தங்களுடைய வீடு போல உணர்கிறார்கள் என்று கேட்டபோது, அமைதியான தெருவினர் தெரு முழுவதையும் வரைந்து காட்டினார்கள். நெரிசல் தெருவினருக்கு அந்த உணர்வு தம் கட்டடத்தோடு முடிந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டாருடன் பழக்கம் இல்லாததற்குக் காலத்தின் போக்கையும் மனிதர்களின் குணத்தையும் குறை சொல்வதற்கு முன்னால், வாசலில் எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இதை ஆய்வுக்கு முன்பே உணர்ந்தவர் கிளாரன்ஸ் பெர்ரி. 1929இல் நியூயார்க் வட்டாரத்துக்கான திட்டத் தொகுதியில் அவர் முன்வைத்த அக்கம்பக்க அலகு என்ற கருத்து மிக எளியது: ஒரு தொடக்கப் பள்ளியை நடுவில் வையுங்கள், எந்த வீட்டிலிருந்தும் அது சுமார் கால் மைல் நடையில் இருக்கட்டும், பெருஞ்சாலைகள் குடியிருப்பின் எல்லையில் செல்லட்டும், ஊடே செல்ல வேண்டாம், கடைகள் மூலைகளில் அமையட்டும். பெருஞ்சாலை எதையும் கடக்காமல் பள்ளிக்குப் போய்வரும் ஒரு குழந்தையை மனத்தில் வைத்து அவர் முழு ஊரையும் கணக்கிட்டார். தாம் குடியிருந்த ஃபாரஸ்ட் ஹில்ஸ் கார்டன்ஸ் என்ற குயின்ஸ் பகுதிக் குடியிருப்பே அவருக்கு முன்மாதிரி. இக்கருத்துக்கு எதிர்ப்பும் உண்டு. ஒவ்வோர் அலகும் தனக்குள்ளேயே சுருங்கி, தன்னைப் போன்றவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் தீவாகிவிடும் என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. இருந்தாலும், பள்ளிக்குப் போகும் வழியை அளவுகோலாக வைத்து ஊரை வடிவமைத்ததில் உள்ள நியாயத்தை அந்த விமர்சனம் குலைத்துவிடவில்லை.

அந்த அளவுகோலை நாம் எவ்வளவு தூரம் கைவிட்டோம் என்பதற்கு இங்கிலாந்தில் மேற்கொள்ளப்பட்ட ஓர் ஒப்பீடு சான்று. 1971இல் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றார்கள். 1990இல் அது 9 விழுக்காடாகச் சுருங்கியது. இடைப்பட்ட காலத்தில் குழந்தைகள் மாறவில்லை, தெருக்கள் மாறின. பெற்றோர் அச்சத்தால் காரில் கொண்டுவிட, அந்தக் கார்களே மற்ற பெற்றோரின் அச்சத்தைக் கூட்டின. நெதர்லாந்து இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. டெல்ஃப்ட் நகரில் தொடங்கி, 1976இல் சட்ட ஏற்பு பெற்ற ‘வூனெர்ஃப்’ தெருக்களில் நடப்பவர்களும் விளையாடும் பிள்ளைகளும் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம்; வண்டிகள் நடை வேகத்தில்தான் செல்ல வேண்டும்; நேர்கோட்டில் விரைய முடியாதபடி மரங்களும் இருக்கைகளும் வளைவுகளும் வைக்கப்படும். பழைய புறநகர் ஒன்றில் இத்தகைய மாற்றத்தைக் கொண்டுவருவது புதிய ஊர் கட்டுவதை விடப் பன்மடங்கு மலிவு. தெரு ஏற்கெனவே இருக்கிறது, மரங்களும் இருக்கின்றன. வண்டியின் வேகத்தை மட்டும் குறைத்தால் போதும்.

பதின்வயதினரைப் பற்றி ஒரு சொல். குடும்பங்களுக்கு ஏற்ற புறநகர் என்று விளம்பரப்படுத்தப்படும் இடங்கள் பல, ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏற்றவையாகவும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சிறை போலவும் இருக்கின்றன. ஊஞ்சலும் சறுக்குமரமும் உண்டு. ஆனால் மாலையில் நண்பர்களோடு காசு செலவழிக்காமல் உட்கார ஓரிடம் இல்லை, நகருக்குப் போக இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்து இல்லை. குழந்தை பிறந்ததும் வீடு வாங்குபவர்கள் இதைப் பத்தாண்டு கழித்துத்தான் கவனிக்கிறார்கள்.

பள்ளி எல்லையும் வீட்டு விலையும்

நல்ல பள்ளி உள்ள இடத்தில் வீட்டு விலை அதிகம் என்பது எல்லோரும் அறிந்ததுதான். எவ்வளவு அதிகம், அதில் பள்ளிக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது கடினம். ஏனெனில் நல்ல பள்ளி உள்ள இடத்தில் பூங்காவும் நன்றாக இருக்கும், தெருவும் நன்றாக இருக்கும். பொருளியலாளர் சான்ட்ரா பிளாக் 1999இல் இதற்கு ஓர் அழகான வழி கண்டார். பாஸ்டன் சுற்றுவட்டாரப் புறநகர்களில், பள்ளிச் சேர்க்கை எல்லைக்கோட்டின் இருபுறமும் நெருங்கி அமைந்த வீடுகளை மட்டும் அவர் ஒப்பிட்டார். பூங்கா ஒன்றே, சாலை ஒன்றே, ரயில் நிலையம் ஒன்றே. பிள்ளை போகும் தொடக்கப் பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடிய பள்ளியின் பக்கம் இருந்த வீட்டுக்குப் பெற்றோர் ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். இது முந்தைய ஆய்வுகள் காட்டியதில் பாதிதான் என்றாலும், கட்டணமில்லாத அரசுப் பள்ளிக்கும் ஒரு நுழைவுக் கட்டணம் இருக்கிறது, அது வீட்டு விலைக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை அது தெளிவாக்கியது.

வீடு இருக்கும் இடத்தைக் கொண்டு பிள்ளையின் பள்ளி தீர்மானிக்கப்படும் நாடுகள் அனைத்திலும் இந்தச் சுழற்சி ஏதோ ஓர் அளவில் நடக்கிறது. பள்ளி நன்றாக இருப்பதால் வசதியுள்ளோர் வருகிறார்கள். வசதியுள்ளோர் வந்ததால் பள்ளியின் மதிப்பெண்கள் உயர்கின்றன. அதனால் விலை மேலும் ஏறுகிறது. உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தே பள்ளிக்கு நிதி செல்லும் இடங்களில் இது இன்னும் கூர்மையடைகிறது. ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்கு இச்சுழற்சி வரம். வீடு தேடும் இளங்குடும்பத்துக்கு இதுவே எட்டாத மதில்.

யாரை வெளியே நிறுத்தினார்கள்

அந்த மதில் முழுவதும் சந்தையால் எழுந்ததன்று. நிலைபெற்ற புறநகர்களின் அமைதியைப் போற்றும்போது, அதன் ஒரு பகுதி திட்டமிட்ட விலக்கலால் வாங்கப்பட்டது என்பதை மறைப்பது நேர்மையாகாது. லெவிட்டவுனின் தொடக்கக் கால ஒப்பந்தங்களில் வெள்ளையரல்லாதோர் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை அச்சிடப்பட்டிருந்தது. 1934இல் அமைந்த அமெரிக்கக் கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி அளித்து லட்சக்கணக்கானோரை வீட்டு உரிமையாளர்களாக்கியது. ஆனால் கறுப்பின மக்கள் வசித்த பகுதிகளை இடர் மிகுந்தவை என்று வகைப்படுத்தி அவர்களை ஒதுக்கியது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் இருபது ஆண்டு வீட்டு விலை உயர்வு ஒரு சாராருக்குச் சொத்தாகச் சேர்ந்துவிட்டது, மறு சாரார் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெயர் சொல்லி விலக்குவது நின்ற பிறகும் அளவு சொல்லி விலக்குவது தொடர்ந்தது. 1926இல், கிளீவ்லாந்து நகரின் புறநகரான யூக்ளிட் தொடர்பான வழக்கில், நிலத்தை இன்ன பயன்பாட்டுக்கு மட்டும் என்று பகுக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. தொழிற்சாலையை வீடுகளிலிருந்து பிரிப்பது நியாயமே. ஆனால் அதே தீர்ப்பு, தனிவீடுகள் உள்ள பகுதியில் எழும் அடுக்ககத்தை ஏறத்தாழ ஓர் ஒட்டுண்ணி என்றே வருணித்தது. அதன் வழியே பல புறநகர்களில் தனிவீடு மட்டுமே கட்டலாம், மனை இவ்வளவுக்குக் குறையக் கூடாது, வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் வேண்டும் என்ற விதிகள் வந்தன. ஒவ்வொரு விதிக்கும் காற்றோட்டம், அமைதி, பாதுகாப்பு என்று நற்காரணம் ஒன்று சொல்லப்பட்டது. அனைத்தும் சேர்ந்து, குறைந்த வருமானமுள்ள குடும்பம் அங்கே எந்த வடிவிலும் குடியேற முடியாதபடி செய்தன. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியரும், முதியோரைப் பராமரிக்கும் செவிலியரும், கடையில் நிற்பவரும் வெகுதூரத்திலிருந்து வந்துபோகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளியில் படிப்பதில்லை.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயதாகும்போது

இந்த விதிகள் வெளியாரை மட்டும் பாதிப்பதில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து அவை ஊரையே வந்து தாக்குகின்றன. இதுவே கட்டுரையின் மையமான செய்தி.

புதிய குடியிருப்பு ஒன்று திறக்கப்படும்போது அங்கே குடியேறுபவர்கள் பெரும்பாலும் ஒரே வயதினர்: முப்பதை ஒட்டிய தம்பதியர், ஓரிரு சிறு குழந்தைகள். முதல் பத்தாண்டுகளில் பள்ளிகள் பிதுங்கி வழிகின்றன, வகுப்பறைகள் போதாமல் கூடுதல் கட்டடங்கள் எழுகின்றன. இருபதாம் ஆண்டில் பிள்ளைகள் மேற்படிப்புக்கும் வேலைக்கும் வெளியேறுகிறார்கள். முப்பதாம் ஆண்டில் நான்கு அறை வீட்டில் இருவர் இருக்கிறார்கள். நாற்பதாம் ஆண்டில் பல வீடுகளில் ஒருவர். வீடுகளின் எண்ணிக்கை மாறவில்லை, விளக்குகள் எரிகின்றன, தோட்டங்கள் செழிப்பாக இருக்கின்றன. ஆனால் முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது. டோக்கியோவின் மேற்கே 1971 முதல் மக்கள் குடியேறிய டாமா புதுநகர் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்களில் இளம் பெற்றோராக ஏறியவர்கள் அங்கேயே முதியவர்களானார்கள். முதலில் குடியேற்றப்பட்ட பகுதிகளில் பள்ளிகள் மூடப்பட்டன அல்லது ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன.

பிள்ளைகள் போன பின்பு பெற்றோர் ஏன் சிறிய வீட்டுக்கு மாறுவதில்லை என்று கேட்கலாம். பிடிவாதம் என்று இதை ஒதுக்குபவர்கள் அவர்களுடைய நிலையைப் பார்ப்பதில்லை. தெரிந்த மருத்துவர், தெரிந்த நூலகம், நாற்பதாண்டுப் பழக்கமுள்ள அயலார் எல்லாம் இங்கேதான். ஆனால் இங்கே சிறிய வீடே இல்லை, ஏனெனில் அதைக் கட்ட விதி இடம் தரவில்லை. பெரிய வீட்டை விற்றால் ஊரை விட்டே போக வேண்டும். சில இடங்களில் வரி விதியும் அவர்களைக் கட்டிப்போடுகிறது. கலிபோர்னியாவில் 1978இல் நிறைவேறிய ‘13ஆம் முன்மொழிவு’ என்ற சட்டத் திருத்தம், வீடு கைமாறாத வரை அதன் வரி மதிப்பீடு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்று வரையறுத்தது. ஓய்வூதியத்தில் வாழ்வோரை வரிச்சுமையிலிருந்து காப்பதே அதன் நோக்கம். ஆனால் முப்பதாண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டில் நீடிப்பவரின் வரிக்கும், பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்குபவரின் வரிக்கும் இடையே பெரும் பள்ளம் உண்டாகி, இடம் மாறுவதே நட்டம் என்றாகிவிட்டது.

இவ்வாறு நிலைபெற்ற புறநகர் தன் வடிவத்தை அப்படியே காப்பாற்றிக்கொண்டு, தன் பிள்ளைகளை இழக்கிறது. அங்கே வளர்ந்தவர்கள் தம் குழந்தைகளை அங்கே வளர்க்க விரும்பினாலும் வாங்க முடிவதில்லை. இன்னும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் புதிய மனைகளுக்குச் செல்கிறார்கள். அங்கே பள்ளியும் நிலையமும் நிழலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாதி காலியான பள்ளிகள் ஓரிடத்தில், பள்ளியே இல்லாத குழந்தைகள் மற்றோரிடத்தில் என்ற இந்த வீண்செலவைச் சுமப்பது பொதுமக்களின் வரிப்பணம்.

கலந்து கட்டினால் என்ன ஆகும்

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. ஸ்டாக்ஹோமின் மேற்கே 1954இல் திறக்கப்பட்ட வெலிங்பி, சுரங்க ரயில் நிலையத்தைச் சுற்றிக் கடைகளும் அலுவலகங்களும், அவற்றை ஒட்டி உயர்ந்த அடுக்ககங்களும், அப்பால் தாழ்ந்த கட்டடங்களும், அதற்கும் அப்பால் வரிசை வீடுகளும் தனிவீடுகளும் என்று அமைக்கப்பட்டது. வேலை, வீடு, மையம் மூன்றும் ஒரே ஊரில் என்பது அதன் கொள்கை. வேலை விஷயத்தில் அது முழுமையாக நிறைவேறவில்லை. பெரும்பாலோர் நகருக்குத்தான் சென்றார்கள். ஆனால் வீடுகளின் அளவில் இருந்த வேற்றுமை ஒரு வாய்ப்பைத் திறந்துவைத்தது. தனித்து வாழும் இளைஞர், குழந்தையுள்ள குடும்பம், துணையை இழந்த முதியவர் ஆகிய மூவருக்கும் ஒரே ஊரில் ஏற்ற வீடு இருக்க முடியும். நிலையமும் கடையும் மாறாமல் வீட்டை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும்.

ஏற்கெனவே தனிவீடுகளால் நிறைந்துவிட்ட ஊர்களில் அதைப் புகுத்துவது கடினம் என்றாலும் நடக்காததன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் முன்பை விட அடர்த்தியாகக் கட்ட அனுமதி அளித்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் புதிய வீடுகளுக்கான அனுமதிகள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. அவற்றில் பெரும் பங்கு கோபுரங்களன்று, பழைய தனிவீட்டு மனைகளில் எழுந்த இரண்டு மாடி, மூன்று மாடி வரிசை வீடுகள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரமன்றம் 2018இல் தனிவீட்டு மனைகளில் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்ற திட்டத்தை ஏற்றது. ஓரிகன் மாநிலம் 2019இல் இதைப் போன்ற மாற்றத்தைச் சட்டமாக்கியது.

பழைய குடியிருப்பாளர்களின் எதிர்ப்பைத் தன்னலம் என்ற ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் காக்க நினைப்பவற்றில் உண்மையில் காக்கத்தக்கவை உண்டு. நாற்பதாண்டு மரத்தை வெட்டிவிட்டுக் கார் நிறுத்துமிடம் போட்டால் அது திரும்ப வராது. மழைநீர் உறிஞ்சிய மண்ணைக் கற்காரையால் மூடினால் தெருவில் நீர் தேங்கும். சாக்கடையும் குடிநீர்க் குழாயும் பழைய மக்கள்தொகைக்கு இடப்பட்டவை. இவற்றுக்கு விடை சொல்லாமல் அடர்த்தியை மட்டும் கூட்டினால் ஊர் இருப்பதையும் இழக்கும். ஆனால் மரத்தைக் காக்க மர விதி போதும். வீட்டு எண்ணிக்கையைத் தடுப்பது அதற்கு வழியன்று. ஒரு குடும்பத்துக்கான பெரிய மாளிகையை மனையின் விளிம்பு வரை நீட்டிக் கட்டுவதற்கு அனுமதித்துவிட்டு, அதே பருமனில் மூன்று சிறு வீடுகளை மறுக்கும் விதிக்கும் பசுமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பயண நேரமும் பராமரிப்பும்

போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் சஹாவி 1970களிலும், இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இலும் கவனித்துச் சொன்ன ஒன்று உண்டு: வாகனம் எதுவானாலும் மனிதர்கள் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குச் செலவிடுகிறார்கள், வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, ஊர்தான் விரிகிறது. புறநகர் வாழ்வு அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்வரை குடும்பம் தாங்கிக்கொள்கிறது. அதைத் தாண்டும்போது இழக்கப்படுவது பெரும்பாலும் மாலை நேரம், அதாவது பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம்.

மேலும், பழைய புறநகரின் கால அட்டவணை ஒரு குறிப்பிட்ட குடும்பத்தை எண்ணி வகுக்கப்பட்டது: காலையில் ஒருவர் நகருக்குப் போவார், மற்றொருவர் வீட்டில் இருப்பார். இருவரும் வேலைக்குப் போகும் இன்றைய குடும்பத்துக்கு, குழந்தைகள் காப்பகம் நிலையத்துக்கு அருகில் இருக்கிறதா, எதிர்த்திசையில் இருக்கிறதா என்பதே நாளின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வியன்னா நகரம் 1990களில், தன் வெளி மாவட்டமான ஃபுளோரிட்ஸ்டார்ஃபில், பெண் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு ஒரு குடியிருப்பை அமைத்தபோது, காப்பகத்தையும் மருத்துவ வசதியையும் வளாகத்துக்குள்ளேயே வைத்தது. பராமரிப்பு வேலையின் சுமை எங்கே விழுகிறது, எத்தனை சிறு பயணங்களாக அது சிதறுகிறது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கோடு போட்டார்கள்.

வீடு தேடும் குடும்பம் ஒன்று இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை சில. பள்ளியின் மதிப்பெண் பட்டியலை விட, முதல் வகுப்புச் சேர்க்கை கடந்த பத்தாண்டுகளில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஊரின் எதிர்காலத்தைத் தெளிவாகக் காட்டும். அந்த எண்ணைப் பள்ளி அலுவலகத்திலோ உள்ளாட்சியிலோ கேட்டுப் பெறலாம். பள்ளிவிடும் நேரத்தில் வாசலில் நின்று, எத்தனை பிள்ளைகள் நடந்து போகிறார்கள், எத்தனை பேர் காரில் ஏறுகிறார்கள் என்று பார்த்தால், விலைப்பட்டியல் சொல்லாததைத் தெரு சொல்லும். நிலையத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்கு நடந்து வந்து பார்க்க வேண்டும். ஊரில் ஓர் அறை, ஈரறை வீடுகள் உள்ளனவா, கட்ட விதி இடம் தருகிறதா என்றும் விசாரிக்க வேண்டும். இப்போது தமக்கு அவை தேவையில்லை என்றாலும், தம் பெற்றோரை அருகில் குடிவைக்கவும், பிள்ளைகள் வளர்ந்து போன பின் அந்த ஊரிலேயே தாம் தங்கிவிடவும் அவையே வழி.